லினக்ஸ் கர்னல் ஹெட்டரை யூசர்ஸ்பேஸுக்குக் கொடுப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரைவர் எழுதி முடித்துவிட்டீர்கள். அதோடு பேச யூசர்ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் பகுதியில்) ஒரு சின்ன சி நிரலும் தேவைப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒரே ஸ்ட்ரக்டையும் ஒரே எண்களையும் பயன்படுத்த வேண்டும். அப்படியானால் அந்த ஹெட்டர் கோப்பை எங்கே வைப்பது, அதில் எதையெல்லாம் விடலாம், அது பயனர் கணினிக்கு எப்படிப் போய்ச் சேரும்? இவற்றுக்கான பதில்கள் கர்னல் மூலத்தில் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தேடி அலைந்து சேர்த்ததை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள். கர்னலுக்குள் இருக்கும் ஹெட்டரை நாளைக்கே மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே போன ஹெட்டரை மாற்ற முடியாது. கீழே சொல்லும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. எந்த ஹெட்டர் பொட்டலம் வேண்டும்?

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. ‘கர்னல் ஹெட்டர்’ என்று இரண்டு வேறு சரக்குகளைச் சொல்கிறார்கள். ஒன்று, கர்னல் மாட்யூல் கட்டுவதற்கானது. இன்னொன்று, சாதாரண நிரல்களும் லிப்சியும் (சி மொழியின் அடிப்படை நூலகம்) கம்பைல் ஆவதற்கானது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

டெபியன், உபுண்டுவில் இரண்டாவதன் பெயர் லினக்ஸ்-லிப்சி-டெவ். அங்கே லினக்ஸ்-ஹெட்டர்ஸ் என்று தொடங்கிக் கர்னல் பதிப்போடு முடியும் பொட்டலம் மாட்யூல் கட்டுவதற்கு. ஃபெடோராவில் கர்னல்-ஹெட்டர்ஸ் என்பது யூசர்ஸ்பேஸுக்கு, கர்னல்-டெவெல் என்பது மாட்யூலுக்கு. ஆர்ச்சில் லினக்ஸ்-ஏபிஐ-ஹெட்டர்ஸ் நமக்கு வேண்டியது, லினக்ஸ்-ஹெட்டர்ஸ் மாட்யூலுக்கு. ஆல்பைனில் அதே லினக்ஸ்-ஹெட்டர்ஸ் என்ற பெயர் யூசர்ஸ்பேஸ் ஹெட்டரைக் குறிக்கும். பெயரை நம்பாதீர்கள். பொட்டலம் எந்தக் கோப்புறையில் கோப்புகளை இறக்குகிறது என்று பாருங்கள். /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் என்றால் அது யூசர்ஸ்பேஸுக்கானது.

இதோடு சேர்ந்த ஒரு பழைய பொறியும் உண்டு. /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் என்பதைக் கர்னல் மூலத்தின் உள் கோப்புறைக்கு சிம்லிங்க் போட்டுவிடச் சொல்லும் குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. செய்யவே செய்யாதீர்கள். உங்கள் லிப்சி எந்த ஹெட்டர்களை வைத்துக் கட்டப்பட்டதோ அவையே அங்கே இருக்கவேண்டும்.

2. கோப்பை இரண்டாகப் பிரியுங்கள்

கர்னல் மூலத்தில் யூசர்ஸ்பேஸுக்குப் போகும் ஹெட்டர்களுக்குத் தனி இடம் இருக்கிறது. எல்லாக் கட்டமைப்புக்கும் பொதுவானவை இன்க்ளூட்/யூஏபிஐ கோப்புறையிலும், எக்ஸ்86, ஆர்ம் என்று கட்டமைப்புக்கே உரியவை ஆர்ச் கோப்புறையில் அந்தந்தக் கட்டமைப்பின் இன்க்ளூட்/யூஏபிஐ-யிலும் இருக்கும்.

உங்கள் டிரைவரின் பெயர் ‘மணி’ என்று வைத்துக்கொள்வோம். செய்யவேண்டியது இவ்வளவுதான்:

இன்க்ளூட்/யூஏபிஐ/லினக்ஸ்/மணி.ஹெச் கோப்பில் பயனர் நிரல் பார்க்கவேண்டிய ஸ்ட்ரக்ட், எண்கள், ஐஓசிடிஎல் கட்டளைகள் (நிரல் டிரைவருக்கு அனுப்புபவை) மட்டும். இன்க்ளூட்/லினக்ஸ்/மணி.ஹெச் கோப்பில் கர்னல் உள் செயல்பாடுகள், லாக், பட்டியல் வகையறா. இந்த இரண்டாவது கோப்பு முதல் வரியிலேயே முதலாவதை யூஏபிஐ/லினக்ஸ்/மணி.ஹெச் என்று இன்க்ளூட் செய்துகொள்ளும். டிரைவரை நீங்கள் மட்டும்தான் தொடுகிறீர்கள் என்றால் உள் ஹெட்டரை டிரைவர் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடலாம், இரண்டாவது கோப்பே வேண்டாம்.

யூஏபிஐ கோப்புக்குள் இருந்து வேறொரு ஹெட்டரை அழைக்கும்போது யூஏபிஐ/ என்ற முன்னொட்டைப் போடக்கூடாது. பயனர் கணினியில் அப்படி ஒரு கோப்புறையே இருக்காது. லினக்ஸ்/டைப்ஸ்.ஹெச் என்று நேரடியாக எழுதுங்கள். ஒரே ஹெட்டர் இரண்டு முறை சேராமல் தடுக்கும் கார்டு மேக்ரோவின் பெயரை மட்டும் _யூஏபிஐ என்று தொடங்குங்கள். ஏற்றுமதியின்போது அந்த முன்னொட்டு தானாகவே உரிக்கப்படும்.

பழைய பாடங்களில் கேபில்ட் கோப்பில் ‘ஹெட்டர்-ஒய்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். இப்போது அது தேவையில்லை. யூஏபிஐ கோப்புறையில் இருக்கும் ஹெட்டர்கள் தாமாகவே ஏற்றுமதியாகும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: தெரியாமல் ஒரு கோப்பை அங்கே வைத்தாலும் அது உலகத்துக்குப் போய்விடும்.

எதைப் பிரித்து எங்கே வைப்பது என்று சந்தேகம் வந்தால் கர்னல் பக்கமே வையுங்கள். பிறகு வெளியே எடுப்பது எளிது. வெளியே போனதை உள்ளே இழுப்பது நடக்காது.

3. ஏற்றுமதி செய்து பாருங்கள்

கர்னல் மூலத்தின் தலைக் கோப்புறையில் நின்று மேக் ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால் கொடுங்கள். இன்ஸ்டால்_ஹெச்டிஆர்_பாத் என்ற மாறியில் ஒரு தற்காலிகக் கோப்புறையைக் குறிப்பிடுங்கள். கொடுத்த பாதைக்குக் கீழே இன்க்ளூட் என்ற கோப்புறை தானாகவே உருவாகும் என்பதால் நீங்களும் இன்க்ளூட் என்று முடிக்காதீர்கள். முடித்தால் இன்க்ளூட்/இன்க்ளூட் என்று வந்து நிற்கும். மாறியைக் கொடுக்காவிட்டால் மூலத்துக்குள்ளேயே இருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறைக்குப் போகும். /யூஎஸ்ஆர்-ஐ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் விநியோகத்தின் பொட்டலம் வைத்த கோப்புகளின் மேல் எழுதிவிடும்.

வேறு கட்டமைப்புக்கு வேண்டுமென்றால் ஆர்ச் மாறியில் அதன் பெயரைக் கொடுங்கள். கிராஸ் கம்பைலர் தேவையில்லை, கர்னலை கான்ஃபிக் செய்யவும் தேவையில்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை நிறுவியிருக்க வேண்டும். இல்லாத சூழலில் மேக் ஹெட்டர்ஸ் என்று மட்டும் கொடுத்து, உருவாகும் யூஎஸ்ஆர்/இன்க்ளூட்-ஐ நீங்களே நகலெடுத்துக்கொள்ளலாம்.

செலவு என்று பார்த்தால் காசு எதுவும் இல்லை, நேரமும் அதிகம் பிடிக்காது. இடம்தான் பிடிக்கும். கிட் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி போகும். ஏற்றுமதி மட்டும்தான் நோக்கம் என்றால் டெப்த் 1 வைத்து இறக்கினால் போதும். ஆனால் 7ஆவது படியில் வரும் ஒப்பீட்டுக்கு முந்தைய கமிட்கள் வேண்டும், அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

இந்தக் கட்டளை வெறும் நகல் எடுப்பதில்லை. ஒவ்வொரு கோப்பையும் ஒரு ஸ்கிரிப்ட் வழியே அனுப்புகிறது. __கர்னல்__ என்று சூழப்பட்ட பகுதிகளை அன்இஃப்டெஃப் கருவி வெட்டி எறியும். __யூசர் போன்ற கர்னல் குறியீடுகள் போய்விடும். இன்லைன், வோலட்டைல் போன்றவை அடிக்கோடுகள் சூழ்ந்த வடிவத்துக்கு மாறும். ஆகவே மூலக் கோப்பைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், வெளியே வந்த கோப்பைத் திறந்து படியுங்கள். பயனர் பார்க்கப்போவது அதைத்தான்.

இங்கே வரக்கூடிய முக்கியமான பிழை, கான்ஃபிக்_ என்று தொடங்கும் மேக்ரோ வெளியே கசிகிறது என்பது. ஸ்கிரிப்டே கண்டுபிடித்து நிறுத்திவிடும். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடவேண்டாம். பயனர் நிரலுக்கு உங்கள் கர்னல் எந்த கான்ஃபிக்கோடு கட்டப்பட்டது என்றே தெரியாது. ஒரு ஸ்ட்ரக்டின் புலம் கான்ஃபிக்கைப் பொறுத்து இருந்தும் இல்லாமலும் போனால், கர்னல் ஒரு வடிவத்தையும் நிரல் வேறு வடிவத்தையும் படிக்கும். புலம் எப்போதும் இருக்கட்டும். வசதி இல்லாத கர்னல் பிழை எண்ணைத் திருப்பட்டும்.

4. வகைகள், அளவுகள், ஓட்டைகள்

இங்கேதான் நிதானமாக உட்காரவேண்டும். மற்றப் படிகளில் தவறினால் கம்பைலர் கத்தும். இதில் தவறினால் உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடும், வேறொருவர் கணினியில்தான் உடையும்.

64 பிட் கர்னலில் 32 பிட் நிரல் ஓடலாம். அதனால் அளவு மாறக்கூடிய வகை எதுவும் ஸ்ட்ரக்டுக்குள் வரக்கூடாது. லாங், சைஸ்_டி, டைம்_டி, பாயின்டர் எல்லாம் அந்த ரகம். பூலும் ஈனம் வகைப் புலமும்கூட வேண்டாம். லினக்ஸ்/டைப்ஸ்.ஹெச் தரும் __யூ8, __யூ16, __யூ32, __யூ64, குறியுள்ளவற்றுக்கு __எஸ்32, __எஸ்64 என்று எழுதுங்கள். அடிக்கோடு இல்லாத யூ32 கர்னலுக்கு உள்ளே மட்டும்தான். வன்பொருளிலோ நெட்வொர்க்கிலோ பைட் வரிசை நிலையானது என்றால் __எல்ஈ32, __பிஈ32 இருக்கின்றன.

பாயின்டர் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் __யூ64 புலத்தில் எண்ணாக அனுப்புங்கள். நிரல் பக்கத்தில் முதலில் யூஇன்ட்பிடிஆர்_டி ஆக மாற்றி, பிறகு அந்தப் புலத்தில் போடவேண்டும். நேராக 64 பிட்டுக்கு மாற்றினால் 32 பிட் கம்பைலர் எச்சரிக்கை தரும். கர்னல் பக்கத்தில் அதைப் பிரித்தெடுக்க யூ64_டு_யூசர்_பிடிஆர் என்ற மேக்ரோ தயாராக இருக்கிறது.

நேரம் என்றால் __எஸ்64 விநாடிகள், அல்லது ஸ்ட்ரக்ட் __கர்னல்_டைம்ஸ்பெக். 32 பிட் நேரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். இன்றைக்கு எழுதும் ஹெட்டரில் அதைப் புதிதாகச் சேர்க்க எந்தக் காரணமும் இல்லை.

இனி ஓட்டைகள், அதாவது புலங்களுக்கு நடுவே கம்பைலர் விடும் வெற்றிடங்கள். ஒரு __யூ32, அதற்கு அடுத்து ஒரு __யூ64 என்று வைத்தால் 64 பிட் எக்ஸ்86-இல் அந்த ஸ்ட்ரக்ட் 16 பைட். 32 பிட் எக்ஸ்86-இல் 12 பைட், ஏனென்றால் அங்கே 64 பிட் எண் 4 பைட் எல்லையிலேயே உட்கார்ந்துவிடும். 32 பிட் ஆர்மில் அதே ஸ்ட்ரக்ட் மறுபடியும் 16. அதனால் ஆர்ம் பலகையில் மட்டும் சோதித்தவர்களுக்குச் சிக்கல் கண்ணிலேயே படாது. வரிசையை மாற்றி பெரியதை முன்னால் வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை, கடைசியில் நிரப்பல் வேறுபடும். என்ன செய்யலாம்?

ஓட்டை வரும் இடத்தில் ‘பேட்’ என்றோ ‘ரிசர்வ்ட்’ என்றோ பெயர் வைத்து __யூ32 ஒன்றை நீங்களே எழுதுங்கள். மொத்த அளவு 8-ஆல் வகுபடட்டும். __யூ64-க்குப் பதில் __அலைன்ட்_யூ64 போட்டால் 32 பிட் எக்ஸ்86-இலும் 8 பைட் எல்லைக்குப் போய்விடும். பிறகு ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் பஹோல் கருவியை ஓட்டி, ஓட்டை எதுவும் மிச்சமில்லை என்று உறுதிப்படுத்துங்கள். ஓட்டையே விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பேக்ட் குறியை ஒட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது சோம்பேறி வழி என்பது என் கருத்து. சில கட்டமைப்புகளில் கம்பைலர் ஒவ்வொரு பைட்டாக எடுத்துக் கோக்கவேண்டி வரும்.

ஓட்டையை மூடாமல் விட்டால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கர்னல் ஸ்டாக்கில் உருவாக்கிய ஸ்ட்ரக்டை அப்படியே பயனருக்கு நகலெடுத்தால், ஓட்டையில் கிடந்த பழைய கர்னல் தரவும் சேர்ந்து போகும். இது பாதுகாப்புக் குறையாகவே பதிவாகும்.

ரிசர்வ்ட் புலங்களை வைத்தால் மட்டும் போதாது. அவற்றில் பூஜ்யம் தவிர வேறு ஏதாவது வந்தால் கர்னல் ஈஇன்வால் (தவறான மதிப்பு என்ற பிழை எண்) திருப்பவேண்டும். கொடிகளுக்கும் அப்படித்தான்: தெரியாத பிட் ஏதாவது எழுப்பப்பட்டிருந்தால் மறுத்துவிடுங்கள். இன்று சரிபார்க்காமல் விட்டால், குப்பையோடு அனுப்பும் நிரல்கள் உலகில் பரவிவிடும். நாளை அந்தப் பிட்டுக்குப் பொருள் கொடுக்கவே முடியாது.

ஸ்ட்ரக்ட் பின்னால் வளரும் என்று தெரிந்தால் அதன் அளவையும் பயனரிடமிருந்தே வாங்குங்கள். குளோன்3, ஓபன்அட்2 ஆகிய அழைப்புகள் இப்படித்தான் அமைந்துள்ளன. காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசர் என்ற செயல்பாடு இந்த வேலையைச் செய்கிறது. நிரல் கொடுத்த ஸ்ட்ரக்ட் சிறியதென்றால் மீதியைப் பூஜ்யமாக நிரப்பும். பெரியதென்றால் மிச்சப் பகுதி பூஜ்யமா என்று பார்த்து, இல்லையென்றால் ஈ2பிக் திருப்பும்.

5. எண்கள்

ஐஓசிடிஎல் கட்டளை எண்ணைக் கையால் எழுதாதீர்கள். _ஐஓ, _ஐஓஆர், _ஐஓடபிள்யூ, _ஐஓடபிள்யூஆர் ஆகிய மேக்ரோக்கள் இருக்கின்றன. பெரும்பாலான கட்டமைப்புகளில் 32 பிட் எண்ணில் வரிசை எண்ணுக்கு 8 பிட், வகை எழுத்துக்கு 8, ஸ்ட்ரக்டின் அளவுக்கு 14, திசைக்கு 2. பவர்பிசி, மிப்ஸ் போன்றவற்றில் அளவுக்கு 13 பிட்தான்.

திசை பயனரின் பார்வையில் சொல்லப்படுகிறது. _ஐஓடபிள்யூ என்றால் நிரல் எழுதுகிறது, கர்னல் படிக்கிறது. டிரைவர் எழுதுபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம்.

எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு இருப்பதால் 4ஆவது படியின் ஓட்டை இங்கே பேயாக வந்து நிற்கும். 32 பிட் நிரலில் 12, கர்னலில் 16 என்றால் கட்டளை எண்ணே வேறு. கர்னல் அடையாளம் தெரியாமல் ஈநாட்டிடிஒய் திருப்பும். அளவெல்லாம் சரியாக இருந்தும் 32 பிட் நிரலுக்கு மட்டும் இதே பிழை வந்தால், டிரைவரில் 32 பிட் நிரல்களின் அழைப்பை ஏற்கும் கம்பாட்_ஐஓசிடிஎல் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரக்ட் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அங்கே கம்பாட்_பிடிஆர்_ஐஓசிடிஎல் போட்டாலே போதும்.

வகை எழுத்தை எடுத்துக்கொள்ளும் முன் கர்னல் ஆவணத்தில் ஐஓசிடிஎல்-நம்பர் பட்டியலைப் பார்த்து, காலியான இடத்தில் உங்கள் டிரைவரைச் சேர்த்துவிடுங்கள்.

ஈனம் பட்டியலில் புதியது எப்போதும் கடைசியில்தான். நடுவில் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் நகர்ந்துவிடும். நிரல்கள் இஃப்டெஃப் போட்டுச் சோதிக்க வசதியாக, ஈனம் உறுப்பின் பெயரிலேயே ஒரு டிஃபைனும் எழுதும் வழக்கம் இருக்கிறது. லினக்ஸ்/இன்.ஹெச் கோப்பில் நெறிமுறை எண்களைப் பாருங்கள், புரியும்.

6. லிப்சியோடு மோதல்

ஒரே ஸ்ட்ரக்ட் கர்னல் ஹெட்டரிலும் லிப்சி ஹெட்டரிலும் வரையறுக்கப்பட்டிருந்தால், இரண்டையும் சேர்க்கும் நிரல் கம்பைல் ஆகாது. நெட்இன்எட்/இன்.ஹெச் கோப்பும் லினக்ஸ்/இன்.ஹெச் கோப்பும் இதற்குப் பிரபல உதாரணம். ஜிலிப்சி என்ற லிப்சியின் 2.36 பதிப்பு வந்தபோது சிஸ்/மவுன்ட்.ஹெச், லினக்ஸ்/மவுன்ட்.ஹெச் இரண்டும் இப்படி முட்டிக்கொண்டன. மசல் லிப்சியில் லினக்ஸ்/சிஸ்இன்ஃபோ.ஹெச் அதே தொல்லையைக் கொடுக்கும். சில இடங்களில் லினக்ஸ்/லிப்சி-கம்பாட்.ஹெச் சமாதானம் செய்துவைக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. நிரல் எழுதுபவர் என்றால் லிப்சி ஹெட்டரை முதலிலும் கர்னல் ஹெட்டரை அடுத்தும் வையுங்கள். முடிந்தால் ஒரு சி கோப்பில் ஏதாவது ஒன்றை மட்டும் சேருங்கள்.

ஹெட்டர் எழுதுபவர் என்றால் உங்கள் எல்லாப் பெயர்களுக்கும் டிரைவர் முன்னொட்டு போடுங்கள். லிப்சிக்குச் சொந்தமான பெயர்களைத் தொடாதீர்கள். தேவையில்லாத ஹெட்டர்களை இழுத்துவராதீர்கள். சி++ நிரல்களும் இதைச் சேர்க்கும் என்பதால் கிளாஸ், நியூ, பிரைவேட் என்றெல்லாம் புலத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். லினக்ஸ்/கீசிடிஎல்.ஹெச் கோப்பில் பிரைவேட் என்ற ஒரு புலத்துக்காக ஒரு யூனியனும் ஓர் இஃப்என்டெஃபும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன.

7. சோதனை

கர்னல் கான்ஃபிக்கில் ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால், யூஏபிஐ_ஹெட்டர்_டெஸ்ட் இரண்டையும் இயக்குங்கள். ஏற்றுமதியான ஒவ்வொரு ஹெட்டரும் தனித்தே கம்பைல் ஆகிறதா என்று கட்டும்போதே சோதிக்கப்படும். இது சி90 தரத்தில் நடப்பதால் இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புகள் வேண்டாம், பழைய பாணிக் குறிப்புகளையே எழுதுங்கள். இரண்டாவது தெரிவு மெனுவில் தென்படவே இல்லையா? உங்கள் கம்பைலரால் நிரலை லிங்க் செய்ய முடியவில்லை என்று பொருள். லிப்சி இல்லாமல் வரும் கிராஸ் கம்பைலர்களில் இப்படித்தான் ஆகும். லிப்சியோடு வரும் கம்பைலரை நிறுவினால் தெரிவு வந்துவிடும்.

ஏற்கெனவே வெளியான ஹெட்டரை மாற்றுகிறீர்கள் என்றால் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் செக்-யூஏபிஐ என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, லிபாபிகெய்ல் தரும் ஏபிஐடிஃப் கருவியால் ஒப்பிட்டு, எந்த ஸ்ட்ரக்ட் உடைந்தது என்று சொல்லும். அந்தக் கருவியை முன்பே நிறுவிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஐந்தாறு வரியில் ஒரு நிரல் எழுதி, 32 பிட்டாகவும் 64 பிட்டாகவும் கம்பைல் செய்து, ஸ்ட்ரக்டின் அளவையும் ஒவ்வொரு புலத்தின் இடத்தையும் அச்சடித்துப் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

8. கையோடு இருக்கவேண்டிய ஆவணங்கள், காலக்கணக்கு

முதல் வரியில் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறி. யூஏபிஐ ஹெட்டருக்கு வெறும் ஜிபிஎல்-2.0 போதாது, ‘வித் லினக்ஸ்-சிஸ்கால்-நோட்’ என்ற சேர்க்கையும் வேண்டும். வழக்கமான சிஸ்டம் அழைப்புகள் வழியே கர்னலைப் பயன்படுத்தும் நிரல் கர்னலின் வழிப்படைப்பு ஆகாது என்று அந்தக் குறிப்புதான் சொல்கிறது. அது இல்லாவிட்டால் 3ஆவது படியின் ஏற்றுமதி ஸ்கிரிப்டே பிடித்து நிறுத்திவிடும்.

அப்புறம், சிஸ்எஃப்எஸ் கோப்பு (/சிஸ் கோப்புறையில் தெரிவது) சேர்த்திருந்தால் ஆவணக் கோப்புறையின் ஏபிஐ (ABI) பகுதியில் ஒரு பதிவு. ஐஓசிடிஎல் என்றால் மேலே சொன்ன பட்டியலில் ஒரு வரி. பேட்சில் உங்கள் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி. கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும் ஆட்களோடு, லினக்ஸ்-ஏபிஐ (API) அஞ்சல் பட்டியலுக்கும் ஒரு நகல். இந்த இடைமுகத்தை உண்மையில் பயன்படுத்தும் யூசர்ஸ்பேஸ் நிரலின் மூலத்தையும் காட்டத் தயாராக இருங்கள். பயன்படுத்த ஆளில்லாத இடைமுகத்தை ஏற்கச் சொல்லி வாதாடுவது கடினம்.

காலக்கணக்கு: கர்னல் பதிப்பு 9 முதல் 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. புதிய வசதிகள் நுழைவது முதல் 2 வார மெர்ஜ் விண்டோவில் மட்டும். ஆனால் அந்த 2 வாரத்தில் அனுப்பினால் பலன் இல்லை. அதற்கு முன்பே விமர்சனம் முடிந்து, துணை அமைப்பின் மரத்திலும், அடுத்த பதிப்புக்கானவை ஒன்றுசேரும் லினக்ஸ்-நெக்ஸ்டிலும் இருக்கவேண்டும். யூஏபிஐ மாற்றத்துக்குக் கேள்விகள் அதிகம் வரும், ஒரு சுற்று தள்ளிப்போனால் சோர்ந்துவிடாதீர்கள். மெர்ஜ் ஆனபின் தவறு கண்ணில் பட்டால் ஆர்சி (இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்புகள்) காலத்துக்குள் திருத்திவிடுங்கள். இறுதிப் பதிப்பு வெளியானபின் அந்த ஸ்ட்ரக்ட் அப்படியே நின்றுவிடும்.

9. நிரல் எழுதும் பக்கத்தில்

உங்கள் ஹெட்டர் விநியோகங்களின் பொட்டலங்களில் வந்துசேர மாதங்கள், சிலவற்றில் ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை நிரலின் களஞ்சியத்திலேயே ஏற்றுமதியான ஹெட்டரின் நகலை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. ஐபிரூட்2, க்யூஎமு இரண்டும் அப்படித்தான் செய்கின்றன. கர்னல் மூலத்திலிருந்து நேராக எடுக்காமல், மேக் ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால் கொடுத்த கோப்பை எடுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று கமிட் செய்தியில் எழுதுங்கள். கையால் திருத்தாதீர்கள்.

பழைய ஹெட்டரில் கட்டிய நிரல் புதிய கர்னலில் ஓடும். புதிய ஹெட்டரில் கட்டியது பழைய கர்னலில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. இதற்காக லினக்ஸ்/வெர்ஷன்.ஹெச் கோப்பின் பதிப்பு எண்ணைப் பார்த்து இஃப் போடுகிறார்கள். அந்த எண் நிரலைக் கட்டிய கணினியில் இருந்த ஹெட்டரின் பதிப்பு. நிரல் ஓடும் கர்னலின் பதிப்பு வேறாக இருக்கலாம். ஓடும் கர்னலின் எண்ணை யூநேம் வழியே கேட்டாலும் பயனில்லை. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கர்னல் 4.18 என்றுதான் சொல்லும், ஆனால் பின்னால் வந்த பதிப்புகளின் வசதிகள் பல அதில் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். அழைத்துப் பாருங்கள். ஈநோசிஸ், ஈநாட்டிடிஒய், ஈஇன்வால், ஈ2பிக் ஆகிய பிழை எண்களில் ஏதாவது வந்தால் பழைய வழிக்குத் திரும்பும்படி நிரலை எழுதிவிடுங்கள்.